ஒப்பந்தக்காரர் தலையில் விழுந்த மலை

டெண்டர், ஒப்பந்தம், எம்.புக், எக்ஸ்ட்ரா ஐட்டம். இந்த நான்கு சொற்களோடு முப்பத்து மூன்று வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் அவை விட்டபாடில்லை. கட்டுமான வேலைகளில் வரும் அபாயங்களை எப்படிக் கணக்கிடுவது, யார் சுமப்பது என்பது பற்றி இன்று பல்கலைக்கழகங்களில் பெரிய ஆராய்ச்சியே நடக்கிறது. கட்டுரைகள் கிடைத்தால் வாசிக்கிறேன். பாதிக்கு மேல் கணக்குச் சூத்திரம், நம் வயதுக்கு ஒத்துவருவதில்லை. ஆனால் அதன் அடியில் கிடக்கும் கேள்வி பழையது. அந்தக் கேள்வியை ஒரே மலை இரண்டு முறை மனிதர்களிடம் கேட்டிருக்கிறது. சுவிட்சர்லாந்தில் இருக்கும் கோத்தார்ட் மலை. முதல் முறை 1872-இல், இரண்டாம் முறை 1990-களில். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

ஆல்ப்ஸ் மலைத்தொடர் ஐரோப்பாவின் நடுவே மதில் போல நிற்கிறது. வடக்கே ஜெர்மனி, தெற்கே இத்தாலி. இரண்டுக்கும் இடையில் ரயில் ஓட வேண்டுமென்றால் மலையைக் குடைய வேண்டும். இத்தாலியும் சுவிட்சர்லாந்தும் 1869-இல் ஒப்பந்தம் செய்துகொண்டன, 1871-இல் ஜெர்மனியும் சேர்ந்தது. மூன்று நாடுகளும் சேர்ந்து எட்டரைக் கோடி பிராங்க் மானியம் தருவதாக ஏற்பாடு. அதில் இத்தாலியின் பங்கு மட்டும் நாலரைக் கோடி. மீதியைப் பங்கும் கடனுமாகத் திரட்ட ஒரு ரயில்வே கம்பெனி உருவானது. அதன் தலைவர் சூரிச் நகரத்து ஆல்பிரட் எஷர். சாதாரண ஆள் இல்லை. பின்னாளில் கிரெடிட் சுவிஸ் என்று பெயர் பெற்ற வங்கியைத் தொடங்கியவர், சூரிச்சின் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர்.

குடைய வேண்டிய சுரங்கத்தின் நீளம் 15 கிலோமீட்டர். வடக்கு வாசல் கோஷெனென், தெற்கு வாசல் ஐரோலோ. அதற்கு முன் ஆல்ப்ஸில் குடைந்த பெரிய சுரங்கம் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் நடுவே இருந்த மோன் செனி ஒன்றுதான். சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அதைக் குடைந்து முடிக்கப் பதின்மூன்று வருஷம் பிடித்தது. அந்த அனுபவம் உள்ள இத்தாலியக் குழுவும் கோத்தார்ட் வேலைக்கு டெண்டர் போட்டது. அவர்கள் கேட்ட பணமும் அதிகம், காலமும் அதிகம். ஜெனீவாக்காரர் லூயி ஃபாவ்ர் குறைந்த விலை சொன்னார், எட்டே வருஷத்தில் முடித்துத் தருகிறேன் என்றும் சொன்னார். வேலை அவருக்குப் போனது. உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் எல்-ஒன் எல்-ஒன்தான்!

ஃபாவ்ர் தச்சுத் தொழிலாளியாகத் தொடங்கியவர். கல்லூரிப் படிப்பு கிடையாது. தச்சு வேலையிலிருந்து சிறுகச் சிறுக மேலே வந்து ரயில்வே வேலைகள் எடுத்துச் செய்தவர். 1872 ஆகஸ்ட் 7-ஆம் தேதி அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை நம் பழைய கணக்குப் பிரிவு நண்பர்கள் பார்த்தால் பெருமூச்சு விடுவார்கள். மொத்த மதிப்பு ஏறத்தாழ 4 கோடியே 80 லட்சம் பிராங்க். எட்டு வருஷத்துக்கு முன்னால் முடித்தால் நாளொன்றுக்கு 5,000 பிராங்க் பரிசு. தாமதமானால் முதல் ஆறு மாதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 பிராங்க் அபராதம், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 10,000. ஒரு வருஷம் தாண்டிவிட்டால் பிணையாகக் கட்டிய 80 லட்சம் பிராங்கும் பறிமுதல்.

மலைக்குள் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு யாருக்குமே தெரியாது. மேலே நடந்து பார்த்து, பாறை வெளியே தலைகாட்டும் இடங்களை வைத்து, உள்ளே இப்படி இருக்கலாம் என்று புவியியல் அறிஞர்கள் ஒரு படம் வரைந்து கொடுத்திருந்தார்கள். அந்தப் படத்தை நம்பி ஒரு மனிதர் நாள் கணக்கில் அபராதத்துக்குச் சம்மதித்தார். தைரியமா, அறியாமையா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வேலை கிடைக்க வேண்டும் என்ற வேகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. டெண்டர் பெட்டி திறக்கும் நாளில் அந்த முகங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

மலை தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. ஐரோலோ பக்கம் உள்ளே போன கொஞ்ச தூரத்திலேயே தண்ணீர் பீறிட்டது. விநாடிக்கு 200 லிட்டருக்கும் மேல் கொட்டும் நீரில் நனைந்தபடி ஆட்கள் துளை போட்டார்கள். கோஷெனென் பக்கம் முதலில் கல் உறுதியாக இருந்தது. சுமார் 2.8 கிலோமீட்டர் உள்ளே போனதும், ஆண்டர்மட் ஊருக்கு அடியில், கல் மாவாகிவிட்டது. களிமண் போல ஊறிப் பிதுங்கும் நிலம். கட்டிய கல் வளைவு நசுங்கியது. பிரித்துத் தடிமனாகக் கட்டினார்கள், அதுவும் நசுங்கியது. சில பத்து மீட்டர் நீளத்துக்குத் திரும்பத் திரும்பக் கட்டியே வருஷங்கள் போயின.

உள்ளே வெப்பம் 30 டிகிரிக்கு மேல். டைனமைட் புகை வெளியேற வழியில்லை. அப்போது டைனமைட் புது வரவு, கோத்தார்ட் வேலைக்காகவே பக்கத்து ஏரிக்கரையில் இஸ்லேட்டன் என்ற இடத்தில் நோபல் கம்பெனி தொழிற்சாலை போட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், பெரும்பாலும் வடக்கு இத்தாலியின் ஏழைக் கிராமத்து இளைஞர்கள். சுரங்கத்துக்குள் கழிப்பிட வசதி இல்லை, வெப்பமும் ஈரமும் சேர்ந்து கொக்கிப்புழு பெருகியது. ரத்தசோகையில் வெளுத்துப்போய் ஊர் திரும்பியவர்களை 1880-இல் டூரின் நகரத்து மருத்துவர்கள் ஆராய்ந்துதான் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். நம் தோட்டத் தொழிலாளர்களை வாட்டிய அதே புழு, பனிமலைக்கு அடியில்! இந்தப் புழுவை எந்த எஸ்டிமேட்டில் யார் சேர்த்திருக்க முடியும்? 1875 ஜூலையில் கோஷெனெனில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். காவலுக்கு வந்தவர்கள் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். மொத்த வேலையில் விபத்துகளால் மட்டும் இறந்தவர்கள் ஏறக்குறைய 200 பேர். நோயால் பின்னர் இறந்தவர்கள் இதில் சேரவில்லை.

மேலே கம்பெனி அலுவலகத்திலும் மலை சரிந்துகொண்டிருந்தது. சுரங்கம் வழித்தடத்தின் ஒரு பகுதிதான், அதற்கு இரு பக்கமும் ஏறிவரும் மலை ரயில் பாதைகள் உண்டு. முதலில் மொத்தத் திட்டத்துக்கும் போட்ட மதிப்பீடு 18 கோடியே 70 லட்சம் பிராங்க். 1875-இல் புதிதாக வந்த தலைமைப் பொறியாளர் ஹெல்வாக் கணக்கை முதலிலிருந்து போட்டார். 1876-இல் வெளியான செய்தி: பற்றாக்குறை 10 கோடியே 20 லட்சம். பங்கு விலை விழுந்தது. 1877-இல் மூன்று நாட்டுப் பிரதிநிதிகளும் லூசெர்னில் கூடி, இரட்டைப் பாதையை ஒற்றையாக்கி, சில கிளைப் பாதைகளைத் தள்ளிப்போட்டு, செலவை 22 கோடியே 70 லட்சத்துக்குள் சுருக்கினார்கள். மேலும் 2 கோடியே 80 லட்சம் மானியம் திரட்டினார்கள். பழி யார் மேலாவது விழ வேண்டுமே. 1878-இல் எஷர் பதவி விலக நேர்ந்தது. ஹெல்வாக்கும் நிலைக்கவில்லை.

உண்மைக் கணக்கைச் சொன்ன பொறியாளருக்கு எந்த நாட்டிலும் மாலை மரியாதை கிடைப்பதில்லை. இது என் சொந்தக் கருத்து.

1879 ஜூலை 19. ஃபாவ்ர், விருந்தாளியாக வந்த ஒருவருக்குச் சுரங்கத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் சாய்ந்தார். உயிர் சுரங்கத்துக்குள்ளேயே பிரிந்தது. வயது 53. ஏழு மாதம் கழித்து, 1880 பிப்ரவரி கடைசி நாளில், அதாவது லீப் வருஷத்து 29-ஆம் தேதியில், வடக்கிலிருந்து வந்தவர்களும் தெற்கிலிருந்து வந்தவர்களும் சந்தித்தார்கள். துளை வழியாக முதலில் போனது ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ஃபாவ்ரின் புகைப்படம். இரு பக்கச் சுரங்கமும் பக்கவாட்டில் 33 சென்டிமீட்டரும் உயரத்தில் 5 சென்டிமீட்டரும்தான் விலகியிருந்தன. தியோடோலைட்டும் கையால் போட்ட கணக்கும் மட்டுமே இருந்த காலம். சர்வே படித்த எவருக்கும் இதைக் கேட்டால் மெய்சிலிர்க்கும். அந்த விழாவுக்கு எஷரை யாரும் அழைக்கவில்லை.

நடுத்துளை சேர்ந்தால் வேலை முடிந்ததாகாது. அகலப்படுத்த வேண்டும், வளைவு கட்ட வேண்டும். எட்டு வருஷக் கெடு 1880 இலையுதிர் காலத்தில் முடிந்தது. சுரங்கம் ரயிலுக்குத் தயாரானது 1881 கடைசியில். ஓராண்டுக்கு மேல் தாமதம். ஒப்பந்தத்தின் அபராத ஷரத்து விழித்துக்கொண்டது. வழக்குகள் நடந்தன. ஃபாவ்ர் தொழிலில் சேர்த்ததெல்லாம் அந்த மலைக்குள் கரைந்துபோனது. 1882-இல் பிரமாதமாகத் திறப்பு விழா நடந்து, அன்று முதல் ரயில் ஓடுகிறது. ஒரு வகையில் பார்த்தால் திட்டம் மாபெரும் வெற்றி.

இங்கே கொஞ்சம் நம்மூர் பக்கம் வருகிறேன். எண்பதுகளில் ஓர் ஆற்றுப் பாலத்தில் உதவிப் பொறியாளனாக இருந்தேன். அடித்தளத்துக்குக் கிணறு இறக்கும் வேலை. டிரையல் போர் போட்ட இடங்களில் எல்லாம் ஒழுங்கான மணல், பிறகு பாறை. இரண்டு போருக்கு நடுவில் வந்த ஒரு கிணறு மட்டும் பாதி வழியில் ஒரு பக்கம் சரிந்த பாறையில் உட்கார்ந்து சாய்ந்துவிட்டது. நிமிர்த்த ஏழு மாதம். ஒப்பந்தக்காரர் நேர்மையான மனிதர், கூலி பாக்கி வைக்காதவர். எக்ஸ்ட்ரா கேட்டு எழுதினார். நடந்ததை நடந்தபடி எம்.புக்கில் எழுதி, கொடுக்கலாம் என்று நானும் குறிப்பு வைத்தேன். மேலிடத்திலிருந்து வந்த பதில் ஒரே வரி: விலை எல்லாவகை மண்ணுக்கும் பாறைக்கும் சேர்த்தே. ஷரத்துப்படி அது சரிதான். அவர் ஊரில் இருந்த ஆறு ஏக்கர் நஞ்சையை விற்றுப் பாலத்தை முடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு டெண்டர் பக்கமே வரவில்லை. அந்தப் பாலத்தில் இன்றும் பஸ் ஓடுகிறது. ஃபாவ்ர் கதையை முதன்முதலில் படித்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

1921-இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பிராங்க் நைட் ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு பாகுபாடு செய்தார். எண்ணிக்கையில் சொல்லக்கூடிய ஆபத்து ஒரு ஜாதி, எண்ணிக்கைக்கே வராத நிச்சயமின்மை இன்னொரு ஜாதி. தாலுகா ஆபீசில் ஐம்பது வருஷ மழைக் கணக்கு இருக்கிறது, அதை வைத்து ஐப்பசியில் எத்தனை நாள் வேலை நிற்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். எல்.ஐ.சி. பிழைப்பதே அப்படித்தான். ஆனால் ஆண்டர்மட்டுக்கு அடியில் கல் மாவாகுமா என்பதற்கு ஐம்பது வருஷக் கணக்கு எங்கே இருக்கிறது? அந்த இடத்தை அதற்கு முன் யாரும் குடைந்ததே இல்லை. முதல் வகைக்கு விலை போட்டு டெண்டரில் சேர்க்கலாம். இரண்டாம் வகைக்குப் போடும் விலை வெறும் ஊகம். குறைவாக ஊகித்தவருக்கு வேலை கிடைக்கும்.

1908-இல் சுவிட்சர்லாந்துக்கு இது இன்னொரு முறை உறைத்தது. லோட்ச்பெர்க் என்ற இன்னொரு சுரங்கம். காண்டர் ஆறு ஓடும் காஸ்டெர்ன் பள்ளத்தாக்குக்கு அடியில் கெட்டியான பாறை இருக்கும் என்று நம்பிக் குடைந்தார்கள். பனியாறு பழங்காலத்தில் அரித்துப் பின் மணலும் சரளையும் நிரம்பிய பள்ளம், நினைத்ததைவிட மிக ஆழம். ஜூலை 24 அதிகாலை வெடி வைத்ததும் சேறும் மணலும் சுரங்கத்துக்குள் பாய்ந்தன. 25 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தப் பகுதியைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு, சுரங்கத்தை வளைத்து வேறு வழியில் கொண்டுபோனார்கள். முன்கூட்டித் துளை போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

பின்னால் வந்த ஆராய்ச்சிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக பெர்ட் என்ற முறை வந்தது. ஒவ்வொரு வேலைக்கும் நல்லபடி நடந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை, மோசமானால் எத்தனை என்று மூன்று எண் கேட்கும். நம் அலுவலகத்திலும் பெரிய தாளில் வட்டமும் அம்புமாக வரைந்து சுவரில் ஒட்டினோம். சுவருக்கு அழகாக இருந்தது. நைட் சொன்ன இரண்டாம் ஜாதிக்கு அது மருந்தில்லை.

மண்ணையும் பாறையையும் தொட்டு வேலை செய்தவர்கள் கண்ட வழி வேறு. மண் இயக்கவியலின் தந்தை டெர்சாகி, அவருடைய சகா ரால்ஃப் பெக். 1969-இல் லண்டனில் ரேங்கின் சொற்பொழிவில் பெக் அதை முறைப்படுத்திச் சொன்னார். கவனித்துக்கொண்டே கட்டுவது என்று அதைத் தமிழில் சொல்லலாம். இருக்கிற தகவலை வைத்து, நடக்கக்கூடியது என்ன, மிக மோசமாக நடக்கக்கூடியது என்ன என்று இரண்டையும் எழுதிக்கொள். எது நடக்கிறது என்று காட்டும் அளவுகளைத் தினமும் எடு. மோசமான ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று வேலை தொடங்கும் முன்பே தீர்மானித்து வை. அப்படித் தீர்மானம் கையில் இல்லாத இடத்தில் இந்த முறையைத் தொடவே கூடாது என்பது பெக்கின் எச்சரிக்கை. நடுவழியில் வடிவமைப்பை மாற்ற ஒப்பந்தம் இடம் தர வேண்டும். ஃபாவ்ரின் ஒப்பந்தத்தில் அதற்கு ஏது இடம்?

2002-இல் டென்மார்க்கின் பெந்த் ஃப்ளூபியெர்க்கும் சகாக்களும் 20 நாடுகளில் 258 போக்குவரத்துத் திட்டங்களை எடுத்துப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது திட்டங்கள் மதிப்பீட்டைத் தாண்டியிருந்தன. ரயில் திட்டங்களில் சராசரி 45 சதவீதம் அதிகம். எழுபது வருஷமாக இதில் முன்னேற்றமே இல்லை. வெறும் அறியாமை என்றால் தவறு இரண்டு பக்கமும் சிதறியிருக்க வேண்டும், சில திட்டங்கள் குறைவாகவும் முடிந்திருக்க வேண்டும். எல்லாம் ஒரே பக்கம் சாய்வதால் மதிப்பீடுகள் தெரிந்தே குறைத்துப் போடப்படுகின்றன என்று அவர் சொன்னார். நிர்வாக அனுமதி வாங்குவதற்காக எஸ்டிமேட்டை ‘அடக்கி’ எழுதிய அனுபவமுள்ள வாசகர்கள் இதைப் படித்துப் புன்னகைப்பார்கள்.

இனி இரண்டாம் முறை. பழைய சுரங்கத்துக்கு வெகு கீழே, மலையடிவாரத்திலேயே, 57 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய சுரங்கம் போட சுவிஸ் மக்கள் முடிவு செய்தார்கள். புவியியல் அறிஞர்கள் ஓர் இடத்தை மட்டும் காட்டிப் பயந்தார்கள். பியோரா. அங்கே சர்க்கரை போல உதிரும் டோலமைட், அழுத்தத்தில் தண்ணீருடன் இருக்கலாம். அது சுரங்க மட்டம் வரை இறங்கினால் திட்டத்துக்கே சமாதி.

இம்முறை அதை ஒப்பந்தக்காரர் தலையில் கட்டவில்லை. 1993-இல் அரசாங்கமே சோதனைக்கென்று ஐந்தரைக் கிலோமீட்டர் நீளத்துக்குத் தனியாக ஒரு குகை குடைந்தது. மலையைக் கெல்லி எலியைப் பிடிக்கிறார்கள் என்று யாராவது கேலி செய்திருக்கலாம். 1996 மார்ச்சில் முன்னோக்கிப் போட்ட துளை பியோராவைத் தொட்டதும் தண்ணீரும் வெள்ளை மணலும் பேரழுத்தத்தில் சீறிக்கொண்டு வந்தன. பயந்தது உண்மைதான். ஆனால் அந்தக் குகை, வரப்போகும் சுரங்கத்துக்கு முந்நூறு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருந்தது. அங்கிருந்து சாய்வாகக் கீழே துளைகள் போட்டார்கள். 1998-க்குள் விடை கிடைத்தது. சுரங்க மட்டத்தில் டோலமைட் காய்ந்து கெட்டியாக இருந்தது. 2008-இல் துளையிடும் இயந்திரம் பியோராவைச் சத்தமில்லாமல் கடந்தது.

பயந்த இடம் நல்லபடி முடிந்தது, பயப்படாத இடத்தில் தொல்லை வந்தது. ஃபைடோ என்ற ஊருக்கு அடியில், ரயில்கள் தடம் மாறும் பெரிய குகைகளைக் குடையும்போது எதிர்பாராத நொறுங்கிய பாறை. ஆனால் அங்கே யாரும் நிலம் விற்கவில்லை. சுவிஸ் நாட்டு நியதிப்படி நிலத்தின் குணம் வேலை கொடுப்பவரின் பொறுப்பு. பாறையைத் தரம் பிரித்து, தரத்துக்கேற்ற விலையும் காலமும் ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். குகைகளில் சிலவற்றைத் தெற்கே தள்ளி வைத்தார்கள், செலவு கூடியது, கூடியதை அரசாங்கம் கொடுத்தது. ஒப்பந்தக்காரர் எதிர்பார்க்க முடியாத நிலத்துக்கு ஈடு தரும் ஷரத்து இன்று பன்னாட்டு ஒப்பந்தங்களிலும் இருக்கிறது. ஃபிடிக் சிவப்புப் புத்தகத்தின் 1999 பதிப்பில் 4.12. சுரங்கங்களுக்கென்றே 2019-இல் மரகதப் புத்தகம் என்று ஒன்று வந்திருக்கிறது. நம் நாட்டிலும் உலக வங்கி வேலைகள் பார்த்தவர்களுக்கு இவை பழக்கம். மற்றவர்களுக்கு இன்னும் “எல்லாவகை மண்ணுக்கும் பாறைக்கும் சேர்த்தே”தான்.

அரசாங்கமே சுமந்தால் ஒப்பந்தக்காரர்கள் ஏமாற்ற மாட்டார்களா என்று சிலர் கேட்பார்கள். ஏமாற்றுவார்கள். அதற்குத்தான் தினமும் பாறை முகத்தை இரு தரப்பும் சேர்ந்து பார்த்துப் பதிவு செய்வது. எம்.புக் எழுதுபவன் நேர்மையாக இருந்தால் போதும்.

புதிய சுரங்கம் 2016 ஜூன் 1 அன்று திறக்கப்பட்டது. வேலையில் இறந்தவர்கள் 9 பேர். பழைய சுரங்கத்தில் இறந்தவர்களுக்காக வின்சென்சோ வேலா என்ற சிற்பி 1882-இலேயே ஒரு புடைப்புச் சிற்பம் வடித்தார். இறந்துபோன தொழிலாளி ஒருவனைத் தோழர்கள் சுமந்து வரும் காட்சி. யாரும் கேட்டு அவர் அதைச் செய்யவில்லை. ஐரோலோ ரயில் நிலையத்தருகே அதை வெண்கலத்தில் வார்த்து வைத்தது 1932-இல், ஐம்பது வருஷம் கழித்து.